கோப்புகளில் அடைபட்ட மக்கள்: ரோமா, சிந்தி இனப்படுகொலையும் அதற்குப் பின் வந்த மறுப்பும்



இந்த நினைவுப் பேருரையில் வழக்கமாக நம் மண்ணின் வரலாற்றைத்தான் பேசுவோம். இம்முறை ஐரோப்பாவுக்குப் போகிறோம். யாருடைய நினைவாக இங்கே கூடியிருக்கிறோமோ அவர், பழைய அரசாணைகளையும் காவல்துறைப் பதிவேடுகளையும் தேடித் தேடிப் படித்தவர். நம்மைப் பற்றி அவர்கள் எழுதிவைத்திருப்பதை நாம் படித்தாக வேண்டும் என்று இளைஞர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தவர். அந்த வழியில்தான் இன்றைய உரையும் செல்கிறது. ஒரு மக்களைப் பற்றிப் பிறர் எழுதிய கோப்பு எப்படி அவர்களைக் கொன்றது, கொன்ற பிறகும் எப்படி அவர்களை விடாமல் துரத்தியது என்பதைப் பார்க்கப்போகிறோம்.

ஒரு படத்திலிருந்து தொடங்குவோம். ஏறத்தாழ ஏழு விநாடி ஓடும் திரைப்படக் காட்சி அது. சரக்கு ரயில் பெட்டியின் கதவு பாதி திறந்திருக்கிறது. தலையில் துணி கட்டிய ஒரு சிறுமி அந்த இடைவெளியில் நின்று வெளியே பார்க்கிறாள். அதன்பின் கதவு சாத்தப்படுகிறது. நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமில் 1944-இல் எடுத்த காட்சி இது. முகாமின் தளபதி உத்தரவிட, அங்கே கைதியாக இருந்த ரூடோல்ஃப் ப்ரெஸ்லவர் என்ற யூதப் படக்கலைஞர் எடுத்தார். பிறகு அவரையும் குடும்பத்தோடு அனுப்பிவிட்டார்கள். மனைவியும் இரண்டு மகன்களும் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டனர். போர் முடிந்தபோது அவரும் உயிரோடு இல்லை.

போருக்குப் பிறகு அந்தச் சிறுமியின் முகம் புத்தகங்களிலும் ஆவணப்படங்களிலும் திரும்பத் திரும்ப வந்தது. ‘தலைத்துணிச் சிறுமி’ என்றே அவளைக் குறிப்பிட்டார்கள். நெதர்லாந்து யூதர்களுக்கு நேர்ந்த கொடுமையின் அடையாளமாக அவள் ஆனாள். அவளுக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டுமே என்று கேட்டு ஆட் வாகெனார் என்ற பத்திரிகையாளர் 1990-களின் தொடக்கத்தில் தேடலில் இறங்கினார். அதே படச்சுருளில் தெரிந்த ஒரு கைப்பெட்டியின் மேல் உரியவரின் பெயரும் பிறந்த தேதியும் எழுதப்பட்டிருந்தன. அதைக்கொண்டு ரயில் புறப்பட்ட நாள் 1944 மே 19 என்று உறுதியாயிற்று. அந்த ரயிலில் யூதர்கள் மட்டும் போகவில்லை, ரோமா, சிந்தி மக்கள் 245 பேரும் போனார்கள். அவர்களில் தப்பிப் பிழைத்த ஒரு பெண்மணியை 1994-இல் ஒரு வண்டிவீட்டுக் குடியிருப்பில் வாகெனார் சந்தித்தார். அந்தப் பெண்மணி அதே பெட்டியில் இருந்தவர். கதவோரம் நிற்காதே, இந்தப் பக்கம் வா என்று தாய் மகளை அதட்டி அழைத்த குரல் அவருக்கு நினைவிருந்தது. தாய் அழைத்த பெயர் செட்டலா.

செட்டலா ஸ்டைன்பாக். 1934 டிசம்பர் 23 அன்று தெற்கு நெதர்லாந்தின் புக்டன் என்ற ஊரில் பிறந்தவள். தந்தை வயலின் வாசிப்பவர், வியாபாரி. 1944 மே 16 அன்று நெதர்லாந்து முழுவதும் ஒரே நாளில் வண்டிவீடுகளைச் சுற்றிவளைத்து 578 பேரைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் ஜெர்மானியப் படையினர் அல்ல, மேலிடத்து உத்தரவை நிறைவேற்றிய உள்ளூர்ப் போலீஸ்காரர்கள். முகாமில் செட்டலாவின் தலையை மழித்தார்கள். மழித்த தலையை மறைக்கத்தான் அந்தக் கிழிந்த துணி. அவள் சிந்திப் பெண். தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. அந்தக் குடும்பத்தில் தந்தை மட்டுமே மிஞ்சினார். அவரும் 1946-இல் இறந்துபோனார்.

ஐம்பது ஆண்டு காலம் உலகம் அந்த முகத்தைப் பார்த்தது. பார்த்தவர்களின் கண்ணீர் பொய்யல்ல. யூத மக்களின் துயரத்தைக் குறைத்துச் சொல்வதும் நம் நோக்கமல்ல. நாஜிகளின் யூத வெறுப்பையும் இங்கேயுள்ள சனாதனத்தையும் அம்பேத்கர் தம் எழுத்தில் ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அந்த ஒப்பீட்டில் வளர்ந்தவர்கள் நாம். ஆனால், கொல்லப்பட்டவர்களின் வரிசையிலும் ஒரு சமூகத்துக்கு இடம் இல்லாமல் போனது எப்படி என்று கேட்காமல் கடந்துபோக முடியவில்லை.

அதே மே 19 ரயிலோடு சேர்ந்த இன்னொரு பிள்ளையின் கதையும் உண்டு. ஸோனி வைஸுக்கு அப்போது ஏழு வயது. சுட்பன் நகரத்தில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த சிந்திக் குடும்பம். சுற்றிவளைத்த அன்று அவன் அத்தை வீட்டில் இருந்ததால் தப்பினான். சில நாள் ஒளிந்திருந்து, பிறகு அவர்களும் பிடிபட்டார்கள். வெஸ்டர்போர்க்கிலிருந்து வரும் அவுஷ்விட்ஸ் ரயிலில் ஏற்றுவதற்காக அவர்களை அஸ்ஸன் ரயில் நிலையத்தில் நிறுத்தியிருந்தார்கள். ரயில் வந்தது. பெட்டியின் கம்பிகளுக்கிடையே தங்கையின் நீலநிறக் கோட்டு தெரிந்தது. தன் குடும்பம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொண்டான். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஒருவர், நான் தொப்பியைக் கழற்றியதும் எதிரே நிற்கும் ரயிலுக்கு ஓடிவிடுங்கள் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். அவர் தொப்பியைக் கழற்றினார், இவர்கள் ஓடினார்கள். ஓடும் மகனைத் தந்தை அந்தப் பெட்டியிலிருந்து பார்த்தார். என் பிள்ளையைப் பார்த்துக்கொள் என்று அத்தையை நோக்கிக் கூவினார். தாய், இரண்டு தங்கைகள், தம்பி எல்லோரும் அவுஷ்விட்ஸில் மாண்டார்கள். தந்தை வேறொரு முகாமில் இறந்தார். ஸோனி வைஸ் வளர்ந்து பூ அலங்காரக் கலைஞராகப் பெயர் பெற்றார். 2011 ஜனவரி 27 அன்று ஜெர்மன் நாடாளுமன்றத்தின் நினைவுநாள் கூட்டத்தில் பேச அழைக்கப்பட்டார். அந்த மேடையில் அவருடைய மக்களின் சார்பில் ஒருவர் பேசியது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு எழுபத்து மூன்று வயது.

யார் இந்த ரோமா, சிந்தி மக்கள்? நம் பத்திரிகைகளும் சினிமாவும் ‘ஜிப்சி’ என்று எழுதும் மக்கள்தான். ஊர் சுற்றும் சுதந்திரம், வண்ணப் பாவாடை, கிதார் என்று அந்தச் சொல்லுக்கு இங்கே ஒரு கவர்ச்சி உண்டு. அந்த மக்களில் பலருக்கு அது வசைச்சொல். ஜெர்மன் மொழியில் அவர்களைக் குறித்த பழைய சொல் முகாமில் ‘Z’ என்ற எழுத்தாகச் சுருங்கி அவர்களின் கையில் பச்சை குத்தப்பட்டது. அவர்கள் பேசும் ரோமானி மொழி இந்தியாவிலிருந்து போனது. தண்ணீருக்கு ‘பானி’ என்பார்கள், ஐந்துக்கு ‘பாஞ்ச்’ என்பார்கள். ‘ரோம்’ என்ற பெயரே ‘டோம்’ என்பதிலிருந்து வந்தது என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. டோம் யார் என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. காசியின் சுடுகாட்டில் பிணம் எரிக்கும் மக்கள். ஆயிரம் ஆண்டுப் பிரிவுக்குப் பிறகு இரத்த உறவு கொண்டாடுவதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. பெயரோடு சேர்ந்து இழிவும் எவ்வளவு தூரம் பயணம் செய்கிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

ஹிட்லர் வருவதற்கு முன்பே கோப்பு தொடங்கிவிட்டது. 1899-இல் மியூனிக் காவல்துறையில் இவர்களைக் கண்காணிக்க ஒரு தனி அலுவலகம் அமைந்தது. அதன் தலைவர் ஆல்ஃபிரட் டில்மன் 1905-இல் ஆயிரக்கணக்கானவர்களின் பெயர்களையும் விவரங்களையும் ஒரு நூலாகவே அச்சிட்டு வெளியிட்டார். குற்றம் செய்தவர்களை மட்டும் அதில் பதியவில்லை. அந்தச் சமூகத்தில் பிறந்ததே போதுமானதாக இருந்தது. 1926-இல் பவேரியா மாநிலம் இவர்களுக்கெதிராகத் தனிச் சட்டம் போட்டது. 1927-இல் பிரஷ்யாவில் சுமார் 8,000 பேரிடம் கைரேகை எடுத்தார்கள். இதெல்லாம் ஜனநாயக அரசு இருந்த காலம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கைரேகை என்றதும் நமக்கு எது நினைவுக்கு வரும்? 1871-இன் குற்றப் பரம்பரையினர் சட்டம். 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்து, மக்கள் வாயில் ‘ரேகைச் சட்டம்’ ஆன அதே சட்டம். கைரேகைகளை வகைப்படுத்தித் தேடும் முறை உருவானதும் இங்கேதான். 1890-களில் வங்காளக் காவல்துறையில் அஸிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் இருவரும் செய்த வேலை அது. மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரில் அந்த முறை லண்டனுக்குப் போய், பின்பு ஐரோப்பாவெங்கும் பரவியது. காலனிய நாட்டில் உருவான கருவி திரும்பவும் ஒரு பழிசுமத்தப்பட்ட மக்களின் விரல்களைத் தேடிப் போயிற்று.

நாஜி ஆட்சி வந்த பிறகு நடந்ததில் ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம். 1936 ஒலிம்பிக் பந்தயத்துக்கு பெர்லினை அழகுபடுத்த வேண்டியிருந்தது. ஜூலை 16 அன்று சுமார் 600 பேரைப் பிடித்து மார்ட்சான் என்ற இடத்தில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். ஒரு பக்கம் நகரத்தின் சாக்கடை நீர் பாயும் வயல், இன்னொரு பக்கம் கல்லறைத் தோட்டம். ஊரின் கழிவும் ஊரின் பிணமும் போகும் இடத்தில் குடியிருப்பு. இந்த வரைபடத்தை நாம் பார்த்திருக்கிறோம்.

அதே 1936-இல் ராபர்ட் ரிட்டர் என்ற மனநல மருத்துவரின் தலைமையில் அரசு ஒரு ஆய்வு நிலையத்தை நிறுவியது. ஜெர்மனியிலுள்ள ஒவ்வொரு ரோமா, சிந்தி குடும்பத்தையும் தேடிப்போய் வம்சாவளிப் படம் வரைந்தார்கள், மண்டையோட்டை அளந்தார்கள், கண்ணின் நிறத்தைப் பதிந்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். 1944-க்குள் ஏறத்தாழ 24,000 பேருக்குச் சான்று எழுதிவைத்தார்கள்: இவர் முழு இனம், இவர் கலப்பு, இவர் இனத்தவர் அல்லர். இதில் ஒரு சிக்கல் இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த மக்கள், இந்திய-ஆரிய மொழி பேசுபவர்கள் என்றால் நாஜிகளின் கணக்குப்படியே அவர்களும் ‘ஆரியர்’ ஆகிவிடுவார்களே! ரிட்டர் வழி கண்டுபிடித்தார். தூய வம்சம் எங்கோ ஒரு சிறுபான்மைதான், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கீழ்த்தர இரத்தம் கலந்தவர்கள், கலந்ததாலேயே குற்றவாளிகள் என்று எழுதினார். மனுவின் வர்ணசங்கரத்தைப் படித்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. சண்டாளன் எப்படிப் பிறந்தான் என்று அந்த நூல் சொல்லும் கதையின் தர்க்கமும் இதுவே. ஒருவனை இழிவாக்கிய பிறகு, அந்த இழிவுக்கு அவன் பிறப்பில் ஒரு ‘கலப்பை’க் கண்டுபிடிப்பது.

ரிட்டரின் உதவியாளர் ஏவா யுஸ்டின். செவிலியராகப் பயின்றவர். ரோமானி மொழி பேசுவார், பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுப்பார். சிவந்த தலைமுடி என்பதால் அந்த மக்கள் அவரைத் தம் மொழியில் ‘லோலி சாய்’, அதாவது சிவப்புப் பெண் என்று அழைத்தார்கள். நம்பி வீட்டுக்குள் விட்டார்கள், பாட்டன் பூட்டன் பெயரையெல்லாம் சொன்னார்கள். அவர் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட சிந்திப் பிள்ளைகள். தெற்கு ஜெர்மனியில் முல்ஃபிங்கன் என்ற ஊரிலிருந்த கத்தோலிக்கக் குழந்தைகள் இல்லத்துக்குப் போய்த் தம் ஆய்வை நடத்தினார். பிள்ளைகள் விளையாடுவதைப் படம் பிடித்தார். எப்படி வளர்த்தாலும் இவர்கள் திருந்தமாட்டார்கள், கருத்தடை செய்வதே வழி என்பது ஆய்வின் முடிவு. ஆய்வு நடந்தவரை அந்தப் பிள்ளைகள் அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்படவில்லை. ஆய்வுப் பொருள் அல்லவா! பெர்லின் பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது. வேலை முடிந்த பிறகு, 1944 மே 9 அன்று, 39 பிள்ளைகளை அந்த இல்லத்திலிருந்து ஏற்றிச் சென்றார்கள். நான்கு பேர் பிழைத்தார்கள்.

மாணவ நண்பர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சேரிக்கும் மலைக்கும் வினாத்தாளோடு போகிறவர்களை நாம் பார்க்கிறோம். நம்மில் சிலரே அப்படிப் போகிறோம். தங்கள் வீட்டில் உட்கார்ந்து நாம் எழுதிக்கொண்டு போவது எங்கே போய்ச் சேரும் என்று அந்த மக்கள் கேட்டால் பதில் வைத்திருக்கிறோமா?

1942 டிசம்பர் 16 அன்று ஹிம்லர் அவுஷ்விட்ஸ் உத்தரவைப் பிறப்பித்தார். ரிட்டரின் சான்றுகள் ஏற்றிச்செல்லும் பட்டியல்களாக மாறின. 1943 பிப்ரவரி இறுதியிலிருந்து பிர்கெனவ் முகாமின் ஒரு பகுதியில் மொத்தம் சுமார் 23,000 பேரைக் குடும்பம் குடும்பமாக அடைத்தார்கள். பசியிலும் நோயிலும் மருத்துவச் சோதனைகளிலும் பெரும்பாலோர் செத்தார்கள். முகாமை அழித்துவிட ஒருமுறை முயன்றபோது, உள்ளே இருந்தவர்கள் மண்வெட்டியும் கம்பியும் கல்லும் எடுத்துக்கொண்டு கொட்டகைகளை விட்டு வெளியே வர மறுத்தார்கள். மே 16-ஐ அந்த எதிர்ப்பின் நாளாக ரோமா மக்கள் இன்று நினைவுகூர்கிறார்கள். அதன் பிறகு உழைக்கும் வலுவுள்ளவர்களை வேறு முகாம்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். 1944 ஆகஸ்ட் 2 இரவு, எஞ்சியிருந்த முதியோர், பெண்கள், பிள்ளைகள் என நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை விஷவாயு அறைகளில் கொன்றார்கள். ஐரோப்பா முழுவதும் கொல்லப்பட்ட ரோமா, சிந்தி மக்கள் 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். கிழக்கே காட்டோரங்களில் நிறுத்திச் சுடப்பட்டவர்களுக்குப் பட்டியல் கிடையாது.

போர் முடிந்தது. இனிமேல்தான் நம் உரையின் முக்கியமான பகுதி.

நூரெம்பர்க்கில் நாஜி மருத்துவர்கள் மீது வழக்கு நடந்தது. டாகாவ் முகாமில் 44 ரோமா, சிந்தி கைதிகளுக்கு உணவும் நல்ல தண்ணீரும் கொடுக்காமல் கடல்நீரைக் குடிக்கவைத்துச் சோதனை செய்திருந்தார்கள். தரை துடைத்த ஈரத் துணியை உறிஞ்சும் நிலைக்கு அவர்கள் போனார்கள். பிழைத்தவர்களில் ஒருவரான கார்ல் ஹோலன்ரைனர் 1947 ஜூன் மாதம் சாட்சி சொல்ல வந்தார். சோதனை செய்தவரை அடையாளம் காட்டும்படி கேட்டார்கள். அவர் சாட்சிக் கூண்டிலிருந்து பாய்ந்து, குற்றவாளிகளின் வரிசையில் அமர்ந்திருந்த டாக்டர் பைகல்பெக்கை அடிக்கப் போனார். நீதிமன்ற அவமதிப்பு என்று நீதிபதி அவருக்கு அங்கேயே 90 நாள் சிறை விதித்தார். பைகல்பெக்குக்குக் கிடைத்த 15 ஆண்டு தண்டனை 10 ஆண்டாகக் குறைந்தது. 1951-இல் அவர் வெளியே வந்து மறுபடியும் மருத்துவரானார்.

ரிட்டர் 1947-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகராட்சியின் சுகாதாரத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு யுஸ்டினையும் அங்கேயே சேர்த்துக்கொண்டார். யுஸ்டின் மீதான விசாரணை 1960-இல் கைவிடப்பட்டது. மியூனிக் காவல்துறையின் பழைய அலுவலகம் ‘நாடோடிகள் மையம்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு 1970 வரை இயங்கியது. பழைய கோப்பு, பழைய ஆட்கள். முகாமிலிருந்து மீண்டவர்கள் இழப்பீடு கேட்டு மனுப்போட்டால், மனுவின் மேல் கருத்துக் கேட்டு இதே போலீஸ் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். கையில் ‘Z’ எண் இருக்கிறது என்றால், நீ ஏதோ குற்றம் செய்துதான் முகாமுக்குப் போயிருப்பாய் என்றார்கள். பொய் வழக்குப் போட்டவரிடமே நன்னடத்தைச் சான்று வாங்கி வரச் சொல்லும் கதை நம் குறவர் சமூகத் தோழர்களுக்குப் புதிதல்ல.

1956 ஜனவரி 7 அன்று மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் இதற்கு முத்திரை குத்தியது. 1940-இல் 2,500 பேரைப் போலந்துக்கு நாடுகடத்தியது இன அடிப்படையிலான துன்புறுத்தல் அல்ல, பாதுகாப்பு நடவடிக்கைதான் என்று தீர்ப்பளித்தது. குற்றம் செய்யும் இயல்பு, அதிலும் திருட்டும் மோசடியும், அந்த மக்களிடம் உண்டு என்றும் எழுதியது. டில்மன் 1905-இல் எழுதியதற்கும் இதற்கும் வேறுபாடு தேடிப்பாருங்கள். 1943-க்கு முன் பட்ட துன்பத்துக்கு இழப்பீடு இல்லை என்பது இதன் நடைமுறைப் பொருள். 1963-இல் அதே நீதிமன்றம் தன் நிலையை ஓரளவு மாற்றிக்கொண்டது. அதற்குள் மனுதாரர் பலர் செத்துப்போனார்கள்.

நிலைமையை மாற்றியது நீதிமன்றத்தின் மனசாட்சி அல்ல. 1980 ஏப்ரல் 4, புனித வெள்ளி. டாகாவ் முகாமின் நினைவிடத்தில் பன்னிரண்டு பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ரோமானி ரோஸ் போன்ற இளைஞர்களும் முகாம்களில் இருந்து மீண்ட முதியவர்களும் அதில் இருந்தார்கள். தாத்தாவும் பேரனும் ஒரே பந்தலில் உட்கார்ந்ததுபோல. எங்கள் படுகொலையை ஒப்புக்கொள்ளுங்கள், எங்களைப் பற்றிய போலீஸ் கோப்புகள் எங்கே என்று சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அழித்துவிட்டோம் என்று பதில் வந்தது. ஒரு வாரம் நீடித்த அந்தப் பட்டினி உலகப் பத்திரிகைகளில் செய்தியாயிற்று.

அடுத்த ஆண்டு, 1981 செப்டம்பர் 1 அன்று, சிந்தி மக்களின் ஒரு குழு டியூபிங்கன் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் புகுந்து உட்கார்ந்துகொண்டது. ரிட்டரின் நிலையத்துக் கோப்புகளில் ஒரு பகுதி அங்கே இருந்தது. ரிட்டரோடு வேலை பார்த்த சோஃபி எர்ஹார்ட் அங்கே பேராசிரியர். கொல்லப்பட்டவர்களின் கைரேகைகளை வைத்துப் போருக்குப் பிறகும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர் அவர். தங்கள் சொந்தப் பாட்டி, சித்தப்பா, அத்தையின் அளவுகளும் படங்களும் வம்சாவளிகளும் அந்தப் பெட்டிகளில் கிடப்பதை அந்த மக்கள் அறிந்திருந்தார்கள். கோப்புகள் கோப்லென்ஸிலுள்ள மத்திய அரசு ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்ட பிறகுதான் விட்டார்கள். 1982 மார்ச் 17 அன்று பிரதமர் ஹெல்முட் ஷ்மிட் நடந்தது இனப்படுகொலைதான், இன அடிப்படையில்தான் நடந்தது என்று முதல் முறையாக அரசின் சார்பில் ஒப்புக்கொண்டார். போர் முடிந்து முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. பெர்லினில் நினைவிடம் திறக்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கடைசியாக இன்னொரு கோப்பைப் பற்றிச் சொல்கிறோம். பிர்கெனவில் அந்த மக்களை அடைத்த பகுதிக்குத் தனியாகப் பேரேடுகள் இருந்தன. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. எண், பெயர், பிறந்த நாள், ஊர், வந்த நாள், செத்த நாள். முகாமிலேயே பிறந்த 300-க்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் அதில் எண் போட்டிருந்தார்கள். 1944 கோடையில், எல்லோரையும் கொல்லப்போகிறார்கள் என்று தெரிந்தபோது, அலுவலகத்தில் எழுத்தராக வேலை செய்த போலந்துக் கைதி ததேயுஷ் யோகிமோவ்ஸ்கி இரண்டு தோழர்களோடு சேர்ந்து அந்தப் பேரேடுகளைத் திருடினார். துணியில் சுற்றி, ஒரு வாளிக்குள் வைத்து, முகாமின் மண்ணிலேயே புதைத்தார்கள். 1949 ஜனவரியில் தோண்டி எடுத்தபோது வாளிக்குள் நிலத்தடி நீர் புகுந்திருந்தது. சில பக்கங்களில் மை கரைந்துவிட்டிருந்தது. மற்றவற்றை வாசிக்க முடிந்தது. ஏறத்தாழ 21,000 பெயர்கள். அவை நூலாக அச்சாகி வெளிவந்தது 1993-இல். செட்டலாவின் பெயர் தெரியவருவதற்கு ஓராண்டு முன்பு.